சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் செல்லாதா?

சிட்டைக்காரி (சுங்கை சிப்புட்)

சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். விஷயம் ஒரு பக்கக் கடிதம்தான். ஆனால் மூன்று நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை.

நான் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், ஒரு குத்தகைக்காரரிடம் கணக்கு எழுதுகிறேன். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குக் குலை வெட்டவும் மருந்து அடிக்கவும் உரம் போடவும் ஆள் அனுப்புவது அவர் தொழில். சம்பளப் பட்டியலில் பதினான்கு பேர். பத்துப் பேர் வங்காளதேசம், இந்தோனேசியா. மிச்சம் நான்கு பேரும் நம் பெண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். உதிரிப்பழம் பொறுக்குவார்கள், மருந்து அடிப்பார்கள். அவர்களில் ஒருவர் எனக்குப் பெரியம்மா முறை. ரப்பர் இருந்த காலத்தில் என் அம்மாவுக்கு அடுத்த நிரையில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது தாமான், வீடமைப்புப் பகுதி. கோயில் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

போன வாரம் முதலாளி மலாயில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பதினான்கு பிரதி அடிக்கச் சொன்னார். ‘நான் முழுச் சம்மதத்தோடு மாதம் 1,450 வெள்ளி சம்பளம் பெற ஒப்புக்கொள்கிறேன். மீதி 250 வெள்ளி தங்கும் வீட்டுக்கும் லாரிக்கும் ஈடு’ என்பது சாரம். கீழே ஆள் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சி. சாட்சி நான்.

“அண்ணே, 1,700 சட்டமாச்சே” என்று கேட்டேன். “ரெண்டு பேரும் மனசு ஒத்துப் பேசி முடிச்ச பிறகு கவர்மெண்டு யாரு நடுவுல?” என்றார். கோலாலம்பூரில் அவருக்கு ஒரு வக்கீல் நண்பராம். ஒப்பந்தம் செய்துகொள்வது மனிதனின் அடிப்படை உரிமை, அமெரிக்காவில் உச்ச நீதிமன்றமே குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை ரத்து செய்திருக்கிறது, இங்கேயும் யாராவது துணிந்து வழக்குப் போட்டால் அரசியலமைப்புப்படி சட்டம் நிற்காது என்று அந்த நண்பர் சொன்னாராம். முதலாளி இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. 1,700 வந்ததிலிருந்து ஒவ்வொரு மாதமும் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்.

மனிதர் கெட்டவர் இல்லை. போன வருஷம் குலை விழுந்து ஒரு பங்ளா தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் ஈப்போவுக்கும் இங்கேயும் தன் காரிலேயே கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர் இவர்தான். அதுதான் என் சங்கடமே.

பெரியம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “கையெழுத்துப் போட்டா வேலை உண்டு, போடலன்னா இல்ல. நீ ஏம்மா இதுல மண்டைய உடைச்சிக்கிற” என்று பேனாவைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. மை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது கேள்வி. அமெரிக்கக் கதை உண்மையா? நம் அரசியலமைப்பில் அப்படி ஓர் உரிமை இருக்கிறதா? பெரியம்மாவே மனதார ஒத்துக்கொண்டால் கடிதம் செல்லுமா? நான் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?

பழைய கிராணி

தங்கச்சி, நான் வக்கீல் இல்லை. முப்பத்தோரு வருஷம் தோட்ட ஆபீசில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, எழுதியவன். சட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எங்கள் காலத்தில் பாதிப் பேருக்குக் கைநாட்டுதான். பால் கறையும் ஆசிட்டும் தின்ற விரலில் ரேகை சரியாக விழாது. நான்தான் விரலைப் பிடித்து மைத்தட்டில் உருட்டித் தாளில் அழுத்துவேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முன்பணம் வாங்கியதற்கு, மண்வெட்டி வாங்கியதற்கு, வீட்டைக் காலி செய்யச் சம்மதிப்பதற்கு, எல்லாவற்றுக்கும் ஒரே விரல். உங்கள் பெரியம்மா பேனாவைக் கேட்டார் என்று படித்ததும் எனக்கு அந்த மைத்தட்டு வாசனையே வந்துவிட்டது.

சம்பளம் பேசி முடிப்பது பற்றிச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிமார் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் பால் வெட்டுக் கூலி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை ஏறினால் கொஞ்சம் ஏறும், விழுந்தால் விழும். லண்டனிலோ சிங்கப்பூரிலோ யாரோ விலையைக் குறைத்தால் இங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மீன் வாங்குவது நின்றுவிடும். இத்தனைக்கும் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஏற்பாடே இல்லாமல் இல்லை. 1947இலேயே சம்பள மன்றச் சட்டம் ஒன்று இருந்தது. கடைச் சிப்பந்திகள், ஹோட்டல் ஆட்கள், சினிமாக் கொட்டகை ஆட்கள், பினாங்குத் துறைமுகத்தில் சரக்குத் தூக்குபவர்கள், இவர்களுக்கெல்லாம் அதன்கீழ் ஒரு கணக்கு உண்டு. பட்டணத்துக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவனுக்கு உண்டு, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவளுக்குக் கிடையாது. எல்லாருக்கும் பொதுவாக வந்தது 2013 ஜனவரியில்தான், தீபகற்பத்தில் 900 வெள்ளி. அப்போது நான் வேலையை விட்டாகிவிட்டது.

உங்கள் முதலாளி ‘மனசு ஒத்து’ என்கிறார் அல்லவா, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தோட்டத்தில் வேலையை விடுகிறவன் வீட்டையும் விட வேண்டும். பிள்ளை அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிக்கும், மாடு அந்தத் தோட்டத்துப் புல்லைத் தின்னும். ‘இந்தக் கூலி கட்டாது, நான் போகிறேன்’ என்று சொல்ல நினைப்பவன் பெண்டாட்டி பிள்ளை மாடு கன்று எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிய பிறகுதான் சொல்ல முடியும். நான் பார்த்த வரையில் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் இளவட்டங்கள்தான், சிங்கப்பூருக்கு. உங்கள் பங்ளா தம்பிகளுக்கு இன்னும் மோசம், பெர்மிட்டே முதலாளி பேரில் இருக்கும்.

சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா தெரியவில்லை, நான் ஆயிரம் போட்டவன்.

ஈப்போ வழக்கறிஞர்

சிட்டைக்காரி அக்கா, உங்கள் முதலாளியின் நண்பர் சொன்ன அமெரிக்கக் கதை உண்மைதான். பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

அமெரிக்க அரசியலமைப்பில் ‘ஒப்பந்தச் சுதந்திரம்’ என்ற சொல்லே கிடையாது. உரிய சட்ட நடைமுறை இல்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அந்தச் ‘சுதந்திரத்துக்குள்’ விரும்பிய கூலிக்கு வேலை செய்யும் சுதந்திரமும் அடங்கும் என்று நீதிபதிகள் படித்துக்கொண்டார்கள். 1905இல் லாக்னர் வழக்கு. ரொட்டிச் சூளை ஆட்களுக்கு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் என்று நியூயார்க் மாநிலம் போட்ட வரம்பு ரத்தானது. 1923இல் ஆட்கின்ஸ் வழக்கு. தலைநகர் வாஷிங்டனில் பெண்களுக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ரத்தானது. நண்பர் சொன்னது இதைத்தான். அந்த வழக்கில் உங்கள் பெரியம்மாவைப் போலவே ஒருத்தி உண்டு. ஹோட்டலில் லிப்ட் ஓட்டிய 21 வயதுப் பெண், மாதம் 35 டாலரும் இரண்டு வேளைச் சாப்பாடும். எனக்கு இது போதும், சட்டம் வந்ததால்தான் என் வேலை போயிற்று என்று அவளே வழக்காடினாள். ஜெயித்தாள்.

அந்தத் தீர்ப்பு 14 வருஷம் நின்றது. அதைச் சாய்த்ததும் ஒரு ஹோட்டல் பெண்தான். வாஷிங்டன் மாநிலத்தில் வெனாச்சி என்று ஓர் ஊர், சுற்றிலும் ஆப்பிள் தோட்டம். நம் ஊர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், செம்பனைக்குப் பதில் ஆப்பிள். அங்கே அறை கூட்டித் துடைத்த எல்சி பாரிஷ் என்ற பெண், சட்டப்படி வாரம் 48 மணி நேரத்துக்கு 14 டாலர் 50 சென் வர வேண்டும், எனக்குக் குறைவாகக் கொடுத்தார்கள் என்று பாக்கி 216 டாலர் 19 சென்னுக்கு வழக்குப் போட்டார். 1937 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது, ஆட்கின்ஸ் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. தலைமை நீதிபதி ஹியூஸ் கேட்ட கேள்வி, அரசியலமைப்பு ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லையே, இது என்ன சுதந்திரம் என்பது. பேரம் பேச வலுவில்லாதவருக்கு முதலாளி கொடுக்காமல் விடும் கூலியைக் கடைசியில் ஊர்தான் வரிப்பணத்தில் ஈடுகட்டுகிறது என்றும் எழுதினார். அதற்கு முந்தைய வருஷம்தான் அதே நீதிமன்றம் நியூயார்க்கின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை ரத்து செய்திருந்தது. ஒரே ஒரு நீதிபதி, ராபர்ட்ஸ், பக்கம் மாறினார். அதிபர் ரூஸ்வெல்ட் மிரட்டியதால் மாறினார் என்று ஒரு கதை சுற்றும். ஆனால் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் தன் திட்டத்தை ரூஸ்வெல்ட் அறிவித்தது பிப்ரவரியில், நீதிபதிகள் உள்ளுக்குள் வாக்களித்தது முந்தின டிசம்பரிலேயே. சரி, அது நமக்கு வேண்டாத ஊர்க்கதை.

உங்கள் கேள்விக்கு அமெரிக்காவைவிட இந்தியாவின் அஜ்மீர் பொருத்தம். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி அங்கே பஞ்சாலைகளுக்கு மாதம் 56 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. பிஜய் காட்டன் மில்ஸ், கட்டாது என்று ஆலையை மூடியது. உடனே தொழிலாளர்களில் பெருங்கூட்டம் நிர்வாகத்திடம் போய், 35 ரூபாய்க்கே வருகிறோம், கதவைத் திறங்கள் என்றது. தொழில் செய்யும் உரிமை மீறப்படுகிறது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி முகர்ஜி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: வறுமையாலும் வேறு வழியில்லாததாலும் தொழிலாளி குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனாலும் அந்தச் சம்மதத்துக்காகச் சட்டத்தைத் தளர்த்த முடியாது. பின்னாளில் கேரள ஓட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் வழக்குப் போட்டபோது, முதலாளியின் சக்திக்கு மீறியது என்பதும் வாதமாகாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் இந்திய அரசியலமைப்பில் தொழில், வாணிபம் செய்யும் உரிமை 19ஆவது விதியில் வெளிப்படையாகவே இருக்கிறது. நம்மிடம் அதுவும் இல்லை. நம் 10ஆவது விதியில் பேச்சு, ஒன்றுகூடுதல், சங்கம் அமைத்தல், அவ்வளவுதான். 13ஆவது விதி சொத்தைக் காக்கிறது, அதுவும் ‘சட்டப்படியன்றி’ பறிக்கக் கூடாது என்று. நாடாளுமன்றம் இதைப் பற்றிச் சட்டம் போடலாமா என்றால், ஒன்பதாவது அட்டவணையில், நாடாளுமன்றத்தின் அதிகாரங்களைச் சொல்லும் கூட்டரசுப் பட்டியலிலேயே தொழிலாளர் நலன் இருக்கிறது. ‘முதலாளிகள் தொழிலாளர்களுக்கு வீடு கொடுப்பது’ என்றுகூட அதில் தனியாக எழுதியிருக்கிறார்கள். எஸ்டேட்டை மனதில் வைத்து எழுதியது போலவே எனக்குத் தோன்றும்.

இனிக் கடிதம். 2011ஆம் ஆண்டின் தேசிய சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய அடிப்படைச் சம்பளம் குறைவாக இருந்தால் அந்த எண்ணின் இடத்தில் சட்டத்தின் எண் உட்கார்ந்துகொள்ளும். அதாவது பெரியம்மா 1,450 என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாலும் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே 1,700 என்றுதான் தெரியும். வீட்டைக் கணக்கில் சேர்ப்பதும் நடக்காது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ‘சம்பளம்’ என்பதற்குள் வீடு, சாப்பாடு, தண்ணீர், விளக்கு ஆகியவற்றின் மதிப்பு வராது. ஹோட்டல்காரர்கள் வேறொரு வழி பார்த்தார்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் சேவைக் கட்டணத்தை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பப் பார்த்தார்கள். 2021இல் நம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் கூடாது என்று முடித்துவிட்டது. டன் கணக்கில் குலை வெட்டுகிறவர்களுக்கும் மாத முடிவில் 1,700க்குக் குறையக் கூடாது.

இன்னொன்று. நம் நீதிமன்றத்திலும் ‘ஒப்பந்தச் சுதந்திரம்’ ஒரு முறை நன்றாக ஜெயித்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு பாராட் எஸ்டேட் வழக்கு. தோட்டம் கை மாறியபோது, புது முதலாளியிடம் வேலை செய்யச் சொல்லித் தொழிலாளியை அவன் சம்மதமில்லாமல் தள்ளிவிட முடியாது, யாரிடம் வேலை செய்வது என்பது அவன் உரிமை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கட்டாய உழைப்பைத் தடுக்கும் 6ஆவது விதியோடு அதை முடிச்சுப் போட்டது. ஊழியனுக்கும் அடிமைக்கும் உள்ள வித்தியாசமே அந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்று நீதிபதி அட்கின் பிரபு 1940இல் இங்கிலாந்தில் சொன்னதுதான் வேர். அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு ஜெயித்தது தோட்டத்துக்காரர் இல்லை, தொழிலாளி.

தோசைக்கல்

எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். நான் கடை வைத்திருக்கிறேன், நாலு ஆள். ஐந்துக்குக் குறைவு என்பதால் 1,700 எனக்கு 2025 ஆகஸ்டில்தான் வந்தது. அன்றிலிருந்து தேத்தண்ணிக்கு இருபது சென் ஏற்றினேன். காலையில் ஒரு பெரியவர் கிளாசைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எதிர்க்கடையில் உட்காருகிறார்.

ஒரு கேள்வி. 2020இல் நகராண்மைக் கழகப் பகுதியில் 1,200, மற்ற இடங்களில் 1,100 என்று வைத்தார்களே, அது என்ன சமத்துவம்? ஒரே ரோட்டில் அந்தப் பக்கத்துக் கடைக்காரனுக்கு ஒரு கணக்கு, இந்தப் பக்கத்துக்காரனுக்கு ஒரு கணக்கு. 8ஆவது விதி சமத்துவம் என்றுதானே சொல்கிறது? அதை வைத்து ஏன் ஒருவரும் சட்டத்தை உடைக்கக் கூடாது?

ஈப்போ வழக்கறிஞர்

அண்ணே, அது நல்ல கேள்வி, சும்மா சொல்லவில்லை. அரசியலமைப்பை வைத்து இந்தச் சட்டத்தோடு மோத வேண்டும் என்று என்னிடம் ஒருவர் வந்தால் நான் 8ஆவது விதியைத்தான் எடுப்பேன், ஒப்பந்தச் சுதந்திரத்தை இல்லை. ஆனால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்து என்று அந்த விதி சொல்லவில்லை. பிரிப்பதற்கு நியாயமான காரணமும், அந்தக் காரணத்துக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் தொடர்பும் இருந்தால் போதும். பட்டணத்தில் வாடகை கூட என்பது காரணம்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும், நீதிபதி தலையாட்டுவார் என்று நினைக்கிறேன். அப்படியே நீங்கள் ஜெயித்தாலும் உங்கள் பக்கத்து 1,100தான் 1,200 ஆகும். எதிர்ப்பக்கம் இறங்காது.

தோசைக்கல்

அப்படியானால் வேண்டாம் விடுங்கள்.

சிட்டைக்காரி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. கிராணி ஐயா, உங்கள் மைத்தட்டைப் படித்துவிட்டு ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். அவர் விரலையும் அப்படித்தான் ஒரு கிராணி பிடித்து உருட்டினாராம். நீங்களாக இருக்காது என்று நம்புகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சட்டமெல்லாம் பேசி முதலாளியோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கணக்கு மட்டும்தான் வரும். ஒரு தாளில் இடது பக்கம் எழுதினேன்: 14 பேர், ஆளுக்கு 250, மாதம் 3,500 மிச்சம். வலது பக்கம்: ஓர் ஆளுக்கு அபராதம் 10,000 வரை, 14 பேருக்கு 1,40,000 வரை. அதற்குக் கீழே, கட்டாமல் விட்ட பாக்கி தனி. தாளை அவர் மேசையில் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன்.

படித்தார். “இந்த 10,000 யாரு சொன்னா?” என்றார். சட்டம் என்றேன். “ஆளுக்கா, மொத்தமாவா?” ஆளுக்கு என்றேன். வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரன் டன்னுக்குக் கொடுக்கிற காசு மூணு வருஷமா ஏறல, அவனைக் கேக்க நாதியில்ல, எல்லாரும் என்னையே பிடிங்க என்றார். அது பொய் இல்லை. அந்த பில்களையும் நான்தான் அடிக்கிறேன்.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் கூலி 65 வெள்ளி 38 சென் வர வேண்டும் என்று ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். “உன்னால என் வேலை போச்சுன்னா உங்கம்மாகிட்டதான் வந்து உக்காருவேன்” என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பதினான்கு கடிதமும் என் மேசை டிராயரில்தான் கிடக்கின்றன. திருப்பிக் கொடு என்றும் அவர் கேட்கவில்லை, கிழித்துப் போடு என்றும் சொல்லவில்லை. ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும். பட்டியலில் 1,700 என்றுதான் அடித்து வைத்திருக்கிறேன். அவர் இன்னும் திறந்து பார்க்கவில்லை.